விலகும் வழியைக் கேட்டுவிட்டே நுழைகிறேன்

புதிய கருவி ஒன்று அறிவிக்கப்பட்டுவிட்டால், அதன் விவரப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்து முடிக்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது. எந்தச் சிப், திரையின் ஒளிர்வு எவ்வளவு, எந்தத் தலைமுறை வைஃபை, பேட்டரி எத்தனை மில்லியாம்பியர் மணி என்பதையெல்லாம் மறுநாளே வாங்கப் போகிறவனைப் போல அலசுவேன். வாங்குவதோ மிக அரிது. இந்த ஆர்வம் பல ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது, வயதோடு குறையவும் இல்லை. மாறியிருப்பது நான் கேட்கும் கேள்விகளின் வரிசை மட்டுமே. இது என்னென்ன செய்யும் என்பதுதான் முன்பு முதல் கேள்வியாக இருந்தது. இதைச் செய்த நிறுவனம் நாளைக்கே இதைக் கைவிட்டால், அல்லது எனக்கே இது சலித்துப்போனால், எனக்குரியதை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்ற கேள்வி இப்போது அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. விவரப் பட்டியல்களில் இதற்கு விடை இருப்பதில்லை; தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை எனக்குள் விதைத்தது பெபிள் கைக்கடிகாரத்தின் கதை. 2012இல், பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய அந்தச் சிறிய நிறுவனம், மின்தாள் திரையும் பல நாள் தாங்கும் பேட்டரியும் கொண்ட கடிகாரத்தை, பெரிய நிறுவனங்கள் அந்தச் சந்தைக்குள் முழுமூச்சாக இறங்குவதற்கு முன்பே கொண்டுவந்தது. 2016 டிசம்பரில் ஃபிட்பிட் நிறுவனம் அதன் மென்பொருள் சொத்துகளை வாங்கிக்கொண்டது. 2018 ஜூன் 30ஆம் தேதியோடு பெபிளின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. கடிகாரம் நேரம் காட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் செயலிக் கடை, வானிலைத் தகவல், குரலைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி ஆகியவை கடிகாரத்துக்குள் இல்லாமல் எங்கோ ஒரு சர்வரில் இருந்தவை என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்திருக்கும். ரீபிள் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த ஆர்வலர்கள் அந்தச் சேவைகளைத் தாங்களே மறுபடி எழுதி நடத்தத் தொடங்கினார்கள். ஃபிட்பிட்டைப் பின்னர் வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெபிளின் இயங்குதள மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. நிறுவனர் எரிக் மிகிகோவ்ஸ்கி மறுபடியும் கடிகாரம் செய்ய முன்வந்தார். இப்படி உயிர்த்தெழுந்த கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

எதிர்ப்பக்கத்தில் ரிவால்வ் நிற்கிறது. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஒருங்கிணைக்கும் மையக் கருவி அது. 2014இல் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரையே நிறுத்தியது. கருவியின் உள்ளே இருந்த வானலைச் சில்லுகள் எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. கட்டளை கொடுக்க ஆளில்லாததால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டியாகிவிட்டது. பழுதாகிச் செத்த கருவியை நான் மன்னித்துவிடுவேன். ஒன்றும் பழுதாகாமலே செத்த கருவியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே என் வீட்டில் எந்த ‘ஸ்மார்ட்’ பொருளும் ஒரு சோதனையைக் கடந்துதான் நிரந்தரமாகத் தங்க முடியும். ரவுட்டருக்குள் வரும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வீட்டு வைஃபையை மட்டும் ஓடவிட்டு, எது எது வேலை செய்கிறது என்று பார்ப்பேன். மலிவான வைஃபை விளக்குகள் பலவற்றின் உண்மை முகம் அப்போதுதான் தெரிகிறது: கைபேசியில் பொத்தானைத் தொட்டால், அந்தக் கட்டளை ரவுட்டர் வழியாக வெளியேறி, கடல் கடந்து ஏதோ ஒரு சர்வரில் கணக்கு சரிபார்க்கப்பட்டு, மீண்டும் அதே ரவுட்டர் வழியாக உள்ளே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விளக்கை ஏற்றுகிறது. கம்பி பிடுங்கப்பட்டதும் விளக்கு ‘ஆஃப்லைன்’ ஆகிவிடுகிறது. செயலியோ சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸிக்பீ என்ற குறுந்தூர வானலை முறையில் இயங்கும் விளக்குகளும், ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரமாக 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டரைப் பின்பற்றும் விளக்குகளும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளக்கூடியவை என்பதால் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. என் மனைவியின் சோதனை இதைவிடக் கடுமையானது. சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சைத் தட்டினால் எரியாத விளக்கு எதுவும் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆண்டுக்கணக்காக நான் படித்த ஆவணங்கள் எல்லாம் கடைசியில் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது எனக்குச் சற்று வருத்தம்தான்.

கருவிகளிலாவது கையில் ஒரு பொருள் மிஞ்சுகிறது. இணையச் சேவை போனால் அதுவும் இல்லை. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டதைப் பற்றி இன்றும் பலர் புலம்புவதைப் பார்க்கலாம். அந்த மூடலில் என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. தாங்கள் பின்தொடர்ந்த தளங்களின் பட்டியலைப் பயனர்கள் ஓபிஎம்எல் என்ற வடிவில் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு, வேறொரு வாசிப்பானில் ஏற்றி, மறுநாள் காலையிலேயே வழக்கம்போலப் படிக்க முடிந்தது. அந்தக் கோப்பை எந்த எளிய உரைச் செயலியிலும் திறக்கலாம். தளத்துக்கு ஒரு வரி, அதில் பெயரும் முகவரியும், அவ்வளவுதான். தளங்களின் புதிய பதிவுகளை வாசிப்பானுக்குக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடைகள் வழியாகத்தான் நான் இன்றைக்கும் பெரும்பாலும் வாசிக்கிறேன். இடையில் எத்தனையோ வாசிப்பான்களை மாற்றியிருந்தாலும் பட்டியல் தொடர்ந்து என்னுடையதாகவே இருந்துவருகிறது. ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது என்று சொல்பவர்களிடம், அவர்கள் கேட்கும் பாட்காஸ்டுகளில் பெரும்பாலானவை எதன் வழியாக வந்து சேர்கின்றன என்று கேட்டால் போதும். சமூக வலைத்தளங்களில் நாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த தொடர்புகளுக்கு இப்படி ஒரு கோப்பு பெரும்பாலும் கிடையாது. கிடைத்தாலும் அதை ஏற்றுக்கொள்ள வேறு இடம் இருப்பதில்லை.

தரவை ஏற்றுமதி செய்யலாம் என்று அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தான் இருப்பதால் மட்டும் நான் நிம்மதியடைவதில்லை. என் புகைப்படங்களை வைத்திருந்த ஒரு சேவையிலிருந்து அவற்றை முழுவதுமாக வெளியே எடுத்தபோது பார்த்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், தொகுப்பு தயார் என்று மின்னஞ்சல் வருகிறது. பல ஜிப் துண்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்க வேண்டும். விரித்துப் பார்த்தால் ஆண்டுவாரியான கோப்புறைகள், அவற்றோடு ஆல்பங்களின் பெயரில் இன்னும் சில கோப்புறைகள். ஆல்பத்தில் இருந்த படங்கள் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசான் வடிவிலான ஒரு சிறு உரைக்கோப்பு. அதைத் திறந்தால் படத்துக்கு எழுதிய விளக்கம், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றோடு, எடுத்த நேரம் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கையாகப் பதிவாகியிருக்கிறது.

கைபேசிக் கேமராவில் எடுத்த படங்களுக்கு இதனால் பெரிய சிக்கல் இல்லை, ஏனென்றால் எடுத்த தேதி படக்கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாகப் பொதிந்திருக்கிறது. பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, என் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஆண்டைக் குறித்து வைத்திருந்தேன் அல்லவா, அங்கேதான் சிக்கல். அந்தத் தேதிகள் படத்துக்குள் எழுதப்படவில்லை. பக்கத்தில் இருக்கும் உரைக்கோப்பில் மட்டுமே இருந்தன. படங்களை மட்டும் எடுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டிருந்தால், அம்மாவின் திருமணப் படமும் நான் பள்ளியில் சேர்ந்த நாளின் படமும் தொகுப்பை இறக்கிய அதே நாளில் எடுத்தவையாக வரிசையில் நின்றிருக்கும். உரைக்கோப்பில் உள்ள தேதியைப் படத்துக்குள் எழுத எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. ஆனால் நீளமான பெயர்கள் நடுவில் வெட்டப்பட்டிருந்ததால் சில படங்களுக்கு உரிய உரைக்கோப்பு எது என்று இயந்திரத்தால் கண்டுகொள்ள முடியவில்லை; அவற்றை நானே உட்கார்ந்து பொருத்தினேன். சேவை தன் கடமையைச் செய்துவிட்டது, விதிப்படி எல்லாத் தரவும் என் கையில் இருந்தது. கதவு இருந்தாலும் அதன் உயரம் நான் குனிந்து தவழ்ந்து போகும் அளவுக்குத்தான் இருந்தது.

அதன்பின் எந்தப் படச் சேவையைப் பரிசீலித்தாலும், நூறு படங்களை ஏற்றி, தேதியை மாற்றி, விளக்கம் எழுதி, உடனே ஏற்றுமதி செய்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வசதிகளைப் பார்க்கிறேன். முகத்தை அடையாளம் காண்பது, பழைய நினைவுகளைக் காணொளியாக்குவது எல்லாம் பிறகு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போகும் நிலையை நாம் வேறு பலருக்கு முன்பே பார்த்துவிட்டோம். டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியாக்கங்களிலும் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைகள்), ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனியாக இருந்த குறியாக்கங்களிலும் தட்டெழுதி வைத்த கட்டுரைகளை இன்றைய கணினியில் திறந்தால், தலையில் கொம்பு முளைத்த இலத்தீன் எழுத்துகளாகத் தெரிகின்றன. யூனிகோட் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தாலும், அது நம் அன்றாடக் கணினிகளில் ஒழுங்காகத் தெரியத் தொடங்க நீண்ட காலம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எழுதியவற்றை எழுத்துரு மாற்றிகள் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தவர்களிடம் அவை இன்றும் வாசிக்கும்படி இருக்கின்றன. என் குறிப்புகளை நான் எந்தக் குறிப்புச் செயலியிலும் அடைத்து வைக்காமல் வெறும் உரைக்கோப்புகளாக வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். அழகான குறிப்புச் செயலிகள் வாரம் ஒன்று வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எது உரைக்கோப்புகளை அப்படியே திறந்து காட்டுகிறதோ அதை மட்டும் பயன்படுத்துகிறேன்.

கைபேசி மாற்றும் நாளில் அதிகம் பயமுறுத்துவது இரண்டடுக்குச் சரிபார்ப்புச் செயலி. முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் அந்த ஆறு இலக்க எண் எங்கிருந்தோ அனுப்பப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எதுவும் அனுப்பப்படுவதில்லை. முதன்முதலில் நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்துக்குள் ஓர் இரகசியச் சாவி எழுத்துகளாக இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கைபேசி ஒரு கணக்குப் போடுகிறது, சர்வரும் அதே கணக்கைத் தன் பக்கத்தில் போடுகிறது, இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கிறது. 2011இல் பொது ஆவணமாக வெளியிடப்பட்ட முறை இது. விமானப் பயன்முறையில் கைபேசி இருந்தாலும் எண் வந்துகொண்டே இருப்பதன் காரணமும் இதுதான். அந்தச் சாவியைப் பதிவு செய்யும் நேரத்திலேயே பாதுகாப்பான ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொண்டால், எந்தக் கைபேசிக்கும் எந்தச் செயலிக்கும் மாறலாம்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியே வைத்துக்கொள்ளும் கடவுச்சாவிகள், அதாவது பாஸ்கீகள், பாதுகாப்பில் இதைவிட ஒரு படி மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. போலித் தளத்தில் நாம் ஏமாந்து உள்ளிடுவதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தச் சாவிகள் ஆப்பிளின் பெட்டகத்திலோ கூகுளின் பெட்டகத்திலோ வேறொரு கடவுச்சொல் மேலாளரிலோ போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவற்றை எடுத்துச்செல்ல நெடுநாள் வழியே இல்லாமல் இருந்தது. கடவுச்சாவிகளுக்கான தரங்களை வகுக்கும் ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் இதற்கான நெறிமுறையின் வரைவை வெளியிட்டது. எனவே முக்கியக் கணக்குகளில் கடவுச்சாவியை வைத்துக்கொண்டே, பழைய வழி ஒன்றையும் மூடாமல் வைத்திருக்கிறேன்.

வன்பொருள் பக்கம் நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியால் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் புதிய கைபேசிகள் யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றம் பெறக்கூடியவையாக இருக்க வேண்டும். ஆப்பிள் 2023இலேயே ஐபோன் 15 மூலம் அந்தப் பக்கம் வந்துவிட்டது. என் பையில் இப்போது ஒரே சார்ஜர். துளை ஒன்றாகிவிட்டாலும் கேபிள்கள் ஒன்றாகவில்லை என்பது தனிக் கதை: பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே கடத்தும், மற்றொன்று 40 கிகாபிட் கடத்தும். நான் வண்ண நூல் கட்டிப் பிரித்து வைத்திருக்கிறேன்.

மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதை இப்போது நிறுவனங்களே விளம்பரமாகச் சொல்கின்றன. 2023இல் பிக்சல் 8 கைபேசிக்கு ஏழு ஆண்டு என்று கூகுள் அறிவித்தது. அடுத்த ஆண்டு கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங் அதே எண்ணைச் சொன்னது. நான் உடனே கேட்பது, பேட்டரி ஏழு ஆண்டு வருமா என்பது. லித்தியம் அயனிப் பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், முழுதாக ஏற்றிச் சும்மா வைத்தாலும் தேயும், சூட்டில் இன்னும் வேகமாகத் தேயும். ஆகவே ஏழு ஆண்டு வாக்குறுதி முழுமையடைய நடுவில் ஒருமுறையாவது பேட்டரியை மாற்ற வேண்டும். அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா, இழுத்தால் கழன்றுவரும் பட்டை வைத்திருக்கிறார்களா என்பதைப் பிரித்துக் காட்டும் காணொளிகளில் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறேன். இதற்கு நேரெதிரான நிலையில் இருப்பவை பழைய மடிக்கணினிகள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு போன்ற தேவைகளைப் பூர்த்தி செய்யாத எத்தனையோ நல்ல கணினிகள் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டன. என்னிடம் இருந்த அப்படிப்பட்ட கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, அதையே வீட்டின் காப்புநகல் இயந்திரமாக ஆக்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே நடத்த வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொந்த சர்வர் என்பது சம்பளமில்லாத இன்னொரு வேலை. நள்ளிரவில் டிஸ்க் நிறைந்துபோனால் எழுந்து பார்க்க வேண்டியவன் நான்தான். வரைபடம், தேடல், காணொளி, பாட்டு ஆகியவற்றில் எனக்கு விலகும் வழி தேவையே இல்லை, ஏனென்றால் அங்கே நான் விட்டுவைப்பது எதுவும் இல்லை. நாளைக்குச் சேவை மாறினால் வேறொன்றைத் திறந்துகொள்வேன். பாட்டுக்குச் சந்தா கட்டுவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது, அது வாடகை என்று தெரிந்தே கட்டுகிறேன். ‘வாங்கு’ என்று எழுதிய பொத்தானை அழுத்தி வாடகைக்கு எடுப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். வாங்கிய மின்னூல்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக வாசிப்புக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு நிறுத்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 தொடக்கத்திலிருந்து, நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடியாத மின்பொருளை விற்பவர்கள் அது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத, இபப் என்ற மின்னூல் வடிவில் விற்கும் பதிப்பாளர்கள் இருக்கும்போது நான் அவர்களிடமே வாங்குகிறேன்.

மின்னஞ்சலுக்கு மட்டும் சொந்த டொமைன், அதாவது என் பெயரில் பதிவு செய்த இணைய முகவரி, வைத்திருக்கிறேன். அஞ்சலைக் கையாளும் நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது என்பதே அதன் பயன். அந்த டொமைனும் ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் வாடகைதான் என்று சொல்லி நண்பர்கள் சிரிப்பார்கள். சரிதான், ஆனால் இந்த வீட்டுக்காரரை என்னால் மாற்றிக்கொள்ள முடியும். கட்டணத்தை மறந்தால் முகவரியோடு சேர்ந்து அதை நம்பியிருக்கும் எல்லாக் கணக்குகளும் போய்விடும் என்பதால், பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கட்டிவிடுகிறேன்.

சேவை என்னை விட்டுப் போவதையும் நான் சேவையை விட்டுப் போவதையும் யோசித்த பிறகு மூன்றாவதாக ஒன்று மிச்சமிருக்கிறது. நான் இல்லாமல் போனால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கூகுளில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று ஒரு வசதி இருக்கிறது: மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் குறிக்கும் காலத்துக்குக் கணக்கு அசைவில்லாமல் இருந்தால், நாம் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தகவல் போகும்; எதையெல்லாம் அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்பதையும் முன்பே குறித்துவிடலாம். ஆப்பிளில் 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல் மரபுத் தொடர்பு என்ற வசதி இருக்கிறது; அதற்கு அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். இரண்டையும் அமைத்துவிட்டேன். அமைப்பதற்குக் காபி ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை, யாருடைய பெயரைப் போடுவது என்று முடிவு செய்யத்தான் நாளாயிற்று.

இவற்றோடு ஒரு தாளும் இருக்கிறது. ரவுட்டரின் கடவுச்சொல், காப்புநகல் டிஸ்க் இருக்கும் இடம், டொமைன் பதிவாளரின் பெயர், கடவுச்சொல் மேலாளரின் அவசரக் குறியீடு, எந்தச் சந்தாவை முதலில் ரத்து செய்யலாம் என்பது வரை அதில் அச்சிட்டு, முக்கிய ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். மனைவி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, புரியாத இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வட்டங்களில் பாதியை எளிய நடையில் திருத்தி எழுதிவிட்டேன். கடவுச்சாவிகளுக்கான பகுதி இன்னும் காலியாக இருக்கிறது. ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு அவை சிக்கலில்லாமல் போய்ச்சேருவதை என் கருவிகள் எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதை எழுத வேண்டும்.